கிளைமாக்ஸ் அண்ணனும் பூட்டிக் கிடந்த நூலகமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் கிளைமாக்ஸ் அண்ணன் அளவுக்குக் கொலைகாரர்களைக் காட்டிக்கொடுத்தவர் போலீஸ் இலாகாவில்கூடக் கிடையாது. அவர்கள் கைரேகை எடுத்து, நாயை விட்டு மோப்பம் பிடித்து, நாலு பேரை உள்ளே வைத்து விசாரித்த பிறகுதான் ஓர் ஆள் சிக்குவான். அண்ணனுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். ஆள் மாட்டிக்கொள்வான். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. அந்தப் புத்தகத்தை வேறு யார் கையில் பார்த்தாலும் பக்கத்தில் போய்க் கொலைகாரன் பெயரைக் காதில் ஓதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

கும்மிடிப்பூண்டி நூலகத்துக்கு வந்து போகும் எங்கள் எல்லோருக்கும் அவர் கிளைமாக்ஸ்தான். உறுப்பினர் அட்டையில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கவரைப்பேட்டையில் ஹைவே ஓரமாக இருந்த ஒரு வேபிரிட்ஜில் அவருக்கு வேலை. பழைய இரும்பு ஏற்றிய லாரி வந்து எடைமேடையில் நிற்கும். அண்ணன் பட்டனை அமுக்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அடுத்த லாரி வரும்வரை தகரக் கொட்டகைக்குள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார். ரிட்டையர் ஆகிற வயதெல்லாம் தாண்டியும் முதலாளி அவரை விடவில்லை.

"ஏண்ணா இப்படிக் கடைசிலேர்ந்து படிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இன்னாம்மா இப்பிடிக் கேக்குற? மொதல்லேர்ந்து படிச்சிக்கினு வரேன்னு வெச்சுக்கோ. குத்துனவன் எவன்னு தெரியறதுக்குள்ள லாரிக்காரன் வந்து பாம் பாம்னு ஹாரன் அடிப்பான். எவன்டா அவன், எவன்டா அவன்னு நெனச்சிக்கினே எட போட்டா பத்து டன்னு பன்னண்டு டன்னாப் பூடும். அதான் முடிவ மொதல்ல தெரிஞ்சிக்கினேன்னா மன்சு லேசாயிடும். அப்பால நடுவுல படிச்சாலும் ஒண்ணுதான், படிக்காங்காட்டியும் ஒண்ணுதான்."

நடுவில் அவர் படிப்பதே இல்லை என்பதுதான் உண்மை. முடிவு தெரிந்த புத்தகத்தில் அப்புறம் என்ன இருக்கிறது என்று உடனே அடுத்ததைத் தேடிப் போய்விடுவார். எங்கள் நூலகத்தின் துப்பறியும் நாவல் அலமாரி முழுவதையும் அவர் கடைசி அத்தியாயமாகவே படித்து முடித்திருந்தார்.

நான் அவரிடம் முதன்முதலில் மாட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் கல்யாணமாகிக் கவரைப்பேட்டைக்குக் குடிவந்திருந்தேன். சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. லீவு நாளில் ரயிலேறி கும்மிடிப்பூண்டி வந்து, நூலகத்தில் உறுப்பினராகி, ஆசையாக ஒரு நாவலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வெள்ளைச் சட்டையும் எண்ணெய் படிந்த காக்கி பேன்ட்டுமாக ஒருவர் வழியில் நின்றார்.

"டாக்டரு" என்றார்.

"என்னது?"

"டாக்டருதாம்மா. ஊசில வெச்சி முடிச்சிடுவான். பொண்டாட்டி மேல டவுட்டு வர மாதிரி காட்டுவாங்க. நம்பிடாத."

என் வாழ்க்கையில் ஒரு முன்பின் தெரியாத மனிதரை அப்படி முறைத்ததில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

நூலகர் சுகந்தி மேடத்திடம் புகார் மேல் புகார் போனது. மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாலே வாசகர்கள் மூச்சுவிட யோசிப்பார்கள். "இனிமே லைப்ரரிக்குள்ள வாயைத் திறந்தீங்கன்னா கார்டை வாங்கி வச்சிடுவேன்" என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கையைத் திறந்துவிட்டார். அலமாரிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு காதில் இரண்டு விரலை வைத்து ஸ்டெதாஸ்கோப் காட்டுவார். ஸ்டீயரிங் திருப்பிக் காட்டினால் டிரைவர். மூக்கில் விரலை வைத்து மூக்குத்தி காட்டினால் மாமியார். ஒருநாள் நான் ஒரு நாவலை எடுத்தபோது எதிரே நின்று இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார். ஓகோ, சாமியார்தான் கொலைகாரனா என்று வெறுத்துப்போய்ப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எனக்கு வணக்கம் வைத்திருக்கிறார்.

நூலகத்தோடும் அது நிற்கவில்லை. ஒரு பெரிய வெள்ளியன்று எங்கள் சர்ச்சில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போட்டோம். மரியாதைக்கு அண்ணனையும் அழைத்திருந்தேன். சிலுவைக் காட்சி வந்தது. கூட்டமே விசும்புகிறது. பக்கத்தில் ஒரு ஆயா முந்தானையில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, "அழுவாத ஆயா. ஞாயித்துக்கெழம எழுந்துடுவாரு" என்றார். சர்ச்சுக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பாதிரியாரே பைபிளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் கொரோனா வந்தது.

மறுநாளிலிருந்து நூலகம் கிடையாது என்று தெரிந்த சாயங்காலம் நாங்கள் எல்லோரும் ரேஷன் கடைக்கு ஓடுவதுபோல ஓடினோம். "சீக்கிரம், சீக்கிரம், எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்று மேடம் விரட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையணை தண்டிக்கு ஒரு நாவலை வாரி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தத் தள்ளுமுள்ளில் வாழ்க்கையில் முதன்முறையாக அவர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. குரலே சரியில்லை.

"ஸ்டெல்லாம்மா, மோசம் போய்ட்டேம்மா."

பதறிப்போய், "யாருக்கு என்னண்ணா?" என்றேன்.

"கடைசி அத்தியாயமே இல்லம்மா! எவனோ கிழிச்சிக்கினு போய்க்கிறான்!"

நாடே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஹைவேயில் ஒரு லாரி இல்லை, வேபிரிட்ஜுக்குப் பூட்டு, எங்கள் கம்பெனியில் மெஷின்களுக்குப் பாலிதீன் போர்த்தியாகிவிட்டது. சம்பளம் வருமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், இவருக்கு ஒரு தீப்பெட்டி ஃபேக்டரி முதலாளியைக் கொன்றவன் யார் என்று தெரிய வேண்டும். அதுதான் அந்த நாவலின் கதை. முதலாளிக்கு மூன்று பிள்ளைகள், ஒரு மேனேஜர், ஒரு டிரைவர், ஒரு சமையற்காரம்மா, எல்லோர் மேலும் சந்தேகம்.

வேறு வழியில்லாமல் அண்ணன் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முடித்த அன்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"நடுவுல இத்தினி விசயம் கீதுன்னு இத்தினி வருசமா யாருமே சொல்லலியேம்மா!"

அதற்குப் பிறகு தினமும் போன். திங்கட்கிழமை மேனேஜர்தான் என்பார். செவ்வாய்க்கிழமை மேனேஜர் அந்த நேரத்தில் பேங்கில் இருந்தானே, டிரைவர்தான் என்பார். மறுபடி படித்துவிட்டு மறுபடி மேனேஜருக்கே வருவார். அண்ணி ஒருநாள் போனைப் பிடுங்கிப் பேசினார்.

"நீயாவது கேளு ஸ்டெல்லா. தூக்கத்துல மேனேஜரு மேனேஜருன்னு கத்திக்கினு கீறாரு. எதிர்ஊட்டுக்காரி, உன் ஊட்டுக்காரரு எந்த மேனேஜரையாவது அட்சிட்டாரான்னு கேக்கறா. மானம் போவுது எனுக்கு."

அதே நாவல் நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்கிறது என்று அண்ணனுக்கு எப்படியோ ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து நூலகம் எப்போது திறக்கும் என்பதே பேச்சு. மற்றவர்கள் டி.வி.யில் நோய் விவரம் பார்த்தார்கள். அண்ணன், கீழே ஓடும் எழுத்தில் 'நூலகம்' என்ற வார்த்தை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். திறந்தார்கள் என்றால் முழுசாக இல்லை. வாசலில் குறுக்கே ஒரு மேசை. மேசைமேல் சானிடைசர். மேசைக்கு அந்தப்பக்கம் மாஸ்க்கும் அதற்குமேல் பிளாஸ்டிக் முகமறைப்புமாகச் சுகந்தி மேடம். உள்ளே யாரும் போகக்கூடாது. பேப்பர் கிடையாது, நாற்காலி கிடையாது. புத்தகத்தின் பெயரைச் சொன்னால் மேடமே எடுத்து வந்து கொடுப்பார். திரும்பி வரும் புத்தகங்கள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சில நாள் தனிமையில் இருந்துவிட்டுத்தான் அலமாரிக்குப் போகும்.

எவ்வளவு கெடுபிடி இருந்தாலும் அந்த நீல வண்ண ஷட்டர் பாதி மேலேறி நின்றதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. உள்ளிருந்து பழைய காகித வாசம் வந்தது. மாஸ்க்கைத் தாண்டியும் வந்தது. வரிசையில் நின்ற ஆளுக்கு ஆள் கண்ணாலேயே சிரித்துக்கொண்டோம்.

அண்ணனுக்குத்தான் இடி விழுந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வரக்கூடாது என்பது உத்தரவு.

"ரெண்டு மாசம்தான் மேடம் ஜாஸ்தி" என்று கெஞ்சினார்.

"உத்தரவுல மாசக் கணக்கெல்லாம் இல்லைங்க. உங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க? வீட்ல இருங்க."

அண்ணன் அடுத்த வாரம் வந்தார். தலைமுடி காக்கை நிறத்தில் மின்னியது. ஒரு ஜீன்ஸ் பேன்ட்டும் போட்டிருந்தார். மேடம் ஒரே பார்வையில், "அண்ணே, பொறந்த தேதி போட்ட உங்க கார்டு என்கிட்டதான் இருக்கு" என்றார். பாவம், திரும்பி வரும் வழியில் வேர்க்கிறது என்று மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினார். மீசைக்கும் டை அடித்திருந்தார்.

அதனால் தூது போகும் வேலை எனக்கு வந்தது. கிழிந்த புத்தகத்தை என்னிடம் கொடுத்து அனுப்பினார். மேடம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கிழிச்சது அவரா?" என்றார். அந்தக் கேள்வியை அப்படியே போய்ச் சொன்னேன். அண்ணன் கண்கலங்கிவிட்டார்.

"நானாம்மா? கடைசிப் பக்கத்த நானா கிழிப்பேன்? மேடம் வாய்லேர்ந்து இந்த வார்த்த வரலாமா?"

அந்த இன்னொரு பிரதி ஆரணியிலிருந்து வரும் ஒரு வாசகரிடம் இருந்தது. நம் பக்கத்து ஆரணிதான், பொன்னேரிக்கு அந்தாண்ட இருப்பது. அவர் ஊரடங்குக்கு முன்னால் எடுத்துப் போனவர், திரும்பி வரவே இல்லை. மேடம் அவருக்குப் போன் செய்து செய்து களைத்துப்போனார். பஸ் ஓடட்டும் என்பார். பஸ் ஓட ஆரம்பித்தது. அறுப்பு முடியட்டும் என்றார். அதற்குள் நூலகமும் அடி அடியாகத் திறந்துகொண்டே வந்தது. மேசை ஓரமாக நகர்ந்தது. உள்ளே நாலைந்து நாற்காலி, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் போட்டார்கள். பிறகு பேப்பர் வந்தது. வயசானவர்களுக்கான தடை மட்டும் அப்படியே நின்றது. அண்ணன் லீவு நாளில் வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் கையில் என்ன புத்தகம் என்று அங்கிருந்தே கவனித்து விரலால் ஜாடை காட்டுவார்.

கடைசியில் ஆரணிக்காரர் பைக்கில் வந்து புத்தகத்தைக் கொடுத்தார். அது அட்டைப்பெட்டிக்குள் போனது.

"கொரோனா வந்தவனக்கூட இத்தினி நாளு உள்ள வெக்கல" என்று அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று புலம்பினார். "மேடம், அதுக்கு இருமல் கிருமல் எதுனா கீதா பாருங்க. இல்லாங்காட்டி வுட்ருங்க."

மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெட்டியிலிருந்து புத்தகம் விடுதலையாகும் நாளில் நூலகத்தை மறுபடி மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இரண்டாவது அலை. கம்பெனியிலிருந்து நேராக ஓடினேன். மேடம் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து அந்த நாவலை எடுத்து என் கார்டில் எழுதிக் கொடுத்தார். "அவர்கிட்ட கொடுத்துடும்மா. இல்லேன்னா இந்த ஷட்டரை உடைச்சுடுவார்."

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே ஆம்புலன்ஸ் நின்றது.

இரண்டு நாளாகக் காய்ச்சலாம். யாரிடமும் சொல்லவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும்தான் அண்ணி போன் செய்திருக்கிறார். அண்ணனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் வேறு எதைக் காட்டுவது? அவர் பார்த்தார். கையைத் தூக்கினார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. அதுவே அந்த நாட்களில் பெரிய விஷயம். அண்ணிக்கும் பாசிட்டிவ், ஆனால் லேசாகத்தான். வீட்டில் தனியாக இருந்தார். காலையில் ஷிஃப்டுக்குப் போகும்போது நாஷ்டாவும் மத்தியானச் சாப்பாடும் கட்டிக் கொண்டுபோய் கேட்டில் மாட்டிவிட்டுத் தள்ளி நிற்பேன். அண்ணி ஜன்னல் வழியாகப் பேசுவார். ஒருநாள் அவர் முகம் மிகவும் வாடியிருந்தது.

"ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்களாம். போன்ல நாலு வார்த்த பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. நீ அந்தப் புக்க படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன் அண்ணி."

"முடிவ அவருக்குச் சொல்லிடும்மா. அது தெரியாமயே..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிடு. நிம்மதியா இருப்பாரு."

அன்று மத்தியானம் கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் நின்று போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்தபிறகு எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம். யாரோ இருமினார்கள்.

"அண்ணா, நான் ஸ்டெல்லா. அந்தப் புக்கு முடிவு சொல்லவா?"

மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வோணாம்" என்றார்.

"என்னண்ணா சொல்றீங்க?"

"வோணாம்மா. சொல்லாத." மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "இங்க கண்ண மூடுனா நம்ம லைப்ரரி ஃபேனுதாம்மா தெரியுது. கடக் கடக்குனு சுத்துமே, அது. அதுங்கீழ உக்காந்துக்கினு நானே படிக்கணும். நீ இப்ப சொல்லிட்டீன்னா... அப்பால எனுக்கு அங்க இன்னா வேல?"

முடிவு தெரியாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாத மனுஷன். நான் போனை வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். கேன்டீன்காரம்மா சாம்பார் காரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதாக அண்ணி சொன்னார். அண்ணியைக் கேட்டால் "அப்பிடியே கீறாராம்" என்பார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தால் என் வீட்டுக்காரர் டீ டம்ளரை நகர்த்தி வைப்பார். சுகந்தி மேடம் தினமும் மெசேஜ் அனுப்புவார். 'எப்படி இருக்கார்?' என்று இரண்டே வார்த்தை. நானும் இரண்டே வார்த்தையில், 'அப்படியேதான் மேடம்' என்று அனுப்புவேன். அந்த நாவல் என் வீட்டு டி.வி.மேல் கிடந்தது. அதைத் திறக்கவும் மனமில்லை. எடுத்து உள்ளே வைக்கவும் மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அண்ணி கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, ஊட்டுக்கு அனுப்பறாங்களாம்! மாஸ்க்கெல்லாம் எடுத்துட்டாங்களாம்! இட்லி தின்னாராம்! இட்லி கல்லு மாதிரி கீதுன்னு நர்ஸம்மாகிட்ட சண்ட போட்டாராம்!"

"சண்டை போட்டாரா?" என்று கத்தினேன்.

"போட்டாராம்மா, போட்டாராம்!"

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தோம். மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. வார்த்தையே இல்லை, ஒரு முழ நீளத்துக்குக் கும்பிடும் கைகள்.

அண்ணன் பாதி ஆளாக வந்து இறங்கினார். சட்டை ஹேங்கரில் மாட்டியதுபோலத் தொங்கியது. தலையில் டை போய் முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் தொறக்கலியா?"

புத்தகத்தை நீட்டினேன். தொடவில்லை. "அங்கதான்" என்றார்.

நூலகம் மறுபடி அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் வாசல் மேசை, பிறகு நாற்காலி, பிறகு பேப்பர். கடைசியில் எந்த வயதுக்காரரும் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. மேடம் எனக்குப் போன் செய்து, "அவரைக் கூட்டிட்டு வாம்மா. ரெண்டு ஊசியும் போட்டாச்சுல்ல?" என்றார்.

"மூணாவது இருந்தாலும் போட்டுக்கினு வரேன்னு சொல்றார் மேடம்."

அன்று காலை அண்ணன் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் வந்தார். வாசலில் கையை நீட்டி சானிடைசரைத் தீர்த்தம்போல வாங்கிக்கொண்டார். நீண்ட நாளாகத் துடைக்காத அலமாரிகளையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது என்று ஒட்டியிருந்த சிவப்புப் பெருக்கல் குறியை மேடம் முன்னமே பிய்த்து வைத்திருந்தார். ஃபேன் கடக் கடக் என்று சுற்றியது. அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

புத்தகத்தைக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை எடுத்தார். நான் ஒரு வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேடம் தேதி முத்திரையை எடுத்து வெறும் காகிதத்தில் குத்திக்கொண்டே இருந்தார். எதிரே ஒரு பெரியவர் மட்டும் எதுவும் தெரியாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

திடீரென்று நாற்காலி பின்னால் போனது.

"அடிப்பாவி! சமையக்காரி!"

நூலகமே அதிர்ந்தது. முத்திரை மேடத்தின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அண்ணன் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, "மேனேஜரு இல்லம்மா! சமையக்காரி! ரசத்துல கலந்துக்கிறா! எத்தினி வாட்டி படிச்சிக்கிறேன், அந்த ரசத்த நான் கண்டுக்கவே இல்லியே! ஏமாந்துட்டேம்மா, நல்லா ஏமாந்துட்டேன்!" என்று சிரித்தார். வேலை கிடைத்த பிள்ளைபோலச் சிரித்தார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மெல்ல மடித்து வைத்தார். "ஏங்க, அடுத்தது அந்த நாவல எடுக்கலாம்னுதான் நான் காத்துக்கினு இருந்தேன்" என்றார்.

நாங்கள் எல்லோரும் சுகந்தி மேடத்தைப் பார்த்தோம். மேடம் கண்ணாடிக்கு மேலாக அண்ணனைப் பார்த்தார். வழக்கமான அந்தப் பார்வைதான். "அண்ணே" என்று தொடங்கினார். பிறகு குனிந்து முத்திரையைத் தேடினார். மேசைக்குக் கீழே ரொம்ப நேரம் தேடினார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கிளம்பினோம். அண்ணனுக்கு இன்னும் பழைய நடை வரவில்லை. நாலு கடை தாண்டினால் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். நிற்கிற இடத்தில் கடைக்காரரிடம் ஏதாவது விசாரிப்பதுபோலப் பாவனை. நாங்கள் ஸ்டேஷன் படியேறி முடிப்பதற்குள் கவரைப்பேட்டை போகும் லோக்கல் எங்கள் கண்ணெதிரே கிளம்பிவிட்டது.

"என்னாலதாம்மா வுட்டுட்ட" என்றார். "நீ தனியா இருந்தா ஓடிப் புடிச்சிருப்ப."

"பிடிச்சிருப்பேண்ணா" என்றேன். பிளாட்பாரத்து பெஞ்சில் காற்று நன்றாக வந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கதையின் நடுவில் வரும் பகுதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை.